ஏ.சி. வேண்டாத மிஷின்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் துணியை வெளியே காயப்போட மாட்டோம். சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பிவிடும். பாறையை அரைத்து, சயனைடு கலந்து தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கல் மாவை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கொட்டிக் கொட்டி மலைபோல் ஆக்கி வைத்திருக்கிறார்கள். காற்று அடித்தால் அந்த மாவு ஜன்னல் இடுக்கு, அரிசி டப்பா, கண்ணிமை என்று எல்லா இடத்திலும் வந்து உட்காரும். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், என் மகள் பிறக்கும்வரை.

அவளுக்கு அந்தக் காற்று ஆகவில்லை. நடக்கத் தொடங்கிய வருஷமே இளைப்பு வந்துவிட்டது. மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போகும். மார்பிலிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும். கோலாரில் காட்டிய டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இது பெரிய வியாதி இல்லம்மா. இந்தத் தூசியிலருந்து குழந்தையைத் தள்ளி வெச்சீங்கன்னா சரியாப் போயிடும்" என்றார். நான் தலையாட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எங்கே தள்ளி வைப்பது என்று யோசித்தேன். அதை அவரிடமே கேட்டிருக்கலாம்.

நான் கணிதம் படித்தவள். இங்குள்ள ஒரு தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமர். என் கணவர் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். ஷாஃப்ட் என்கிற ஆழக்குழிக்குள் ஆட்களை இறக்கும் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, இழுக்கிற மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர். ஊருக்குள்ளேயே கோரமண்டல் என்ற பகுதியில் சுரங்கத்தார் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"டாக்டரு சுலுவா சொல்லிட்டாரு, தள்ளி வைன்னு. எங்க தள்றது? இந்த வூட்ட வுட்டா திரும்பத் தருவானா?"

"பூதிகோட்டையில வாடகைக்குப் பாக்கலாமேங்க. உங்க சொந்தக்காரங்க இருக்காங்க இல்ல?"

"ஃபஸ்ட் ஷிப்டுக்கு அங்கருந்து எப்டி வருவேன்? பறந்துகினா?"

ஆனாலும் ஒரு முறை குழந்தையை மட்டும் பூதிகோட்டையில் அவர் அக்கா வீட்டில் விட்டோம். அங்கே மூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் இல்லாமல் அவள் சாப்பிடவில்லை. நாலு நாளில் வாடிப்போய்விட்டாள் என்று செய்தி வந்ததும் நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் பழகியிருப்பாளோ என்று இன்றைக்கும் நினைப்பேன். பொறுத்திருந்தால் வேறு ஏதாவது ஆகியிருக்குமோ என்றும் நினைப்பேன்.

எங்கள் பிரிவில் அப்போது இருந்தது ஒரு நடுத்தர மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர். பெரிய மெயின்ஃப்ரேம் என்றால் டெல்லி, பம்பாயில் ஒரு மாடியையே அடைத்துக்கொண்டு நிற்குமாம். எங்களுடையது ஒரு ஹாலில் அடங்கியது. பீரோக்களை வரிசையாக நிறுத்தியதுபோல் இருக்கும். ஆயிரக்கணக்கான பேரின் சம்பளமும் ஸ்டோர்ஸ் கணக்கும் அதில்தான் ஓடின. அதன் டிஸ்க்குகள் தாம்பாளம் அளவுத் தட்டுகள். தட்டு சுழலும்போது, படிக்கும் தலை அதைத் தொடாமல் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் மிதக்கும். அந்த இடைவெளியில் ஒரு தூசி சிக்கினால் போதும், தட்டு கீறி, அதிலிருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் அந்த ஹாலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். இரவு பகலாக ஏ.சி. ஓடும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஊரே வெள்ளையாகக் கிடக்கிற நாளிலும் அந்த அறையின் மேஜையை விரலால் தேய்த்தால் விரல் சுத்தமாக இருக்கும்.

ஒரு ஆடி மாதக் காலையில் பக்கத்து வீட்டு அம்மா என் மகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எங்கள் பிரிவு தொழிற்சாலையின் பெரிய கேட்டுக்கு வெளியே, ரோட்டோரக் கட்டிடத்தில் இருந்தது. யாரும் வாசல்வரை வரலாம். "எனக்கு பயமா கீதும்மா, நீயே பாரு" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டார். உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. நான் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோ கூப்பிடுவதா, கணவருக்குச் சொல்லி அனுப்புவதா, மருந்தை இன்னொரு முறை கொடுப்பதா என்று ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் ஆபரேட்டர் அக்கா வெளியே வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். மாதா கோயில் பாட்டுக்குழுவில் முதல் குரல் அவருடையது. பேசினாலும் அந்தக் குரல்தான்.

"இன்னாமா, இந்தக் காத்துல புள்ளய வெச்சிகினு சிலை மாதிரி நிக்கற? உள்ள கொண்டா."

"உள்ள எப்படிக்கா? மேனேஜர்..."

"மேனேஜரு பெத்தாரா, நீ பெத்தியா? வா."

ஹாலை ஒட்டி, கணக்குகளைப் பதிந்த டேப்புகள் அடுக்கிவைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அங்கேயும் அதே காற்றுதான். பிரின்டர் பேப்பர் கட்டுகளை அடுக்கி, மேலே அக்காவின் ஸ்வெட்டரை விரித்து, மகளைச் சாய்த்து உட்கார வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கழுத்துக் குழி அடங்கியது. பிறகு அந்தப் பூனைக்குட்டிச் சத்தமும் நின்றது. அவள் தூங்கிவிட்டாள்.

"பாத்தியா? உன் பொண்ணுக்கும் நம்ம டிஸ்க்குக்கும் ஒரே வியாதிம்மா. ரெண்டுக்கும் தூசி ஆவாது" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். அதிகம் பேசாத மனிதர். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டிட்டுத்தானே வந்தாங்க?" என்றார்.

"பாப்பாவுக்கு செருப்பே இன்னும் வாங்கல சார்" என்றார் அக்கா.

"அப்ப சரி" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காற்று மோசமாக அடிக்கிற நாட்களில் நான் மகளைக் கூட்டிக்கொண்டு வருவேன். குல்லாவும் காலுறையும் போட்டு டேப் அறையில் உட்கார வைப்பேன். டிஸ்க் சுழலும் இரைச்சலில் அவள் நன்றாகத் தூங்கினாள். குளிரில் சளி பிடித்துவிடுமோ, இந்த இரைச்சல் காதுக்குக் கெடுதலோ, யாராவது மேலே புகார் சொல்லிவிடுவார்களோ என்று நான்தான் தூங்காமல் கிடந்தேன். அப்படியே இரண்டு ஆடி போனது.

அதற்குள் மிஷினுக்கு வயதாகிவிட்டது. அதற்கு உதிரிபாகம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். புது மிஷின் வரவில்லை என்றால் எங்கள் வேலை முழுவதையும் பெங்களூர் அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. பெங்களூரில் ஒரு கம்பெனி நம் நாட்டிலேயே ஒரு புது நடுத்தர மிஷினை உருவாக்கிக்கொண்டிருந்தது. விற்பதற்கு முன்னால் நிஜமான வேலையில் ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் மேனேஜர் தானாக முன்வந்தார். "நம்ம ஊர்ல ஓடிட்டா எங்கேயும் ஓடும்" என்றார். எனக்கும் அது வரவேண்டும் என்றிருந்தது. அது வந்தால் என் வேலை இங்கேயே இருக்கும். வேலை இருக்கிறவரை டேப் அறையும் இருக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

லாரியில் வந்து இறங்கியது ஃபிரிட்ஜ் உயரப் பெட்டி ஒன்றுதான். எங்கள் பீரோ வரிசைக்குப் பக்கத்தில் அது தம்பி மாதிரி நின்றது. அதோடு ஓர் இளம் என்ஜினீயரும் வந்தார். வாரத்தில் பாதி நாள் பங்காருப்பேட்டை வழியாக ரயிலில் வருவார். கையில் துணியில் சுற்றிய சர்க்யூட் போர்டுகள் இருக்கும். போர்டுகள் இன்னும் முடிவாகவில்லை. தப்பைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் மெல்லிய ஒயரை அதன்மேல் பற்றவைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார், உங்க மிஷினுக்கு இன்னும் தொப்புள்கொடியே அறுக்கலயா?" என்பார் அக்கா.

"அடுத்த போர்டுல அறுத்துடலாம் மேடம்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க. பொறந்து தொலையட்டும் சார், பேர் வெக்கணும்."

என் வேலை, பழைய மிஷினில் ஓடிய சம்பளப் புரோகிராம்களை ஓரெழுத்தும் மாற்றாமல் புதியதில் ஓட்டிப் பார்ப்பது. இரண்டு மிஷினிலும் ஒரே மாதச் சம்பளத்தைப் போட்டு, வரிக்கு வரி ஒப்பிடுவேன். முதலில் பெயர்களை வரிசைப்படுத்தும்போதே அது நின்றுவிடும். என்ஜினீயர் நினைவகத்தின் உள்ளடக்கத்தை அச்சடித்துத் தரையில் விரித்துப்போட்டு, மேலே குப்புறப் படுத்துத் தேடுவார். நானும் உட்கார்ந்து தேடுவேன். தப்பு கிடைத்தால் பெங்களூருக்குப் போய்த் திருத்தி, புது டேப்போடு வருவார். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாகக்கூட இருந்தேன். நாலு பேர் செய்ததை வாங்கி ஓட்டுவது வேறு. ஒரு மிஷின் உருவாகிற இடத்தில் இருப்பது வேறு. என் மகள் பக்கத்து அறையில் தூங்குவாள். கணக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துவந்தன.

ஒரு நாள் என்ஜினீயர் டேப் அறையில் அவளைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா மேடம்? இந்த மாடலுக்கு ஏ.சி. ரூமே வேண்டாம். டிஸ்க்கை டப்பாவுக்குள்ள வெச்சு சீல் பண்ணிட்டோம். ஆபீஸ்ல மேஜை பக்கத்துல வெச்சு ஓட்டலாம். இதோட பெருமையே அதுதான்."

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. அவர் அவ்வளவு பெருமையாகச் சொன்னார், அதனாலாக இருக்கும்.

காற்று மாதம் வந்ததும் கடைசிச் சோதனை. புது மிஷினை வெளி அறைக்கு நகர்த்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஓட்டவேண்டும். "காத்து வரட்டும் மேடம், நல்லா வரட்டும்" என்பார் என்ஜினீயர். தூசி வந்து கீபோர்டில் படிந்தது, என் பல்லில் நறநறத்தது. மிஷின் ஓடியது. அதன் முன்பக்கத்தில் பஞ்சுபோல் ஒரு ஃபில்டர் இருந்தது. வாரம் ஒரு முறை அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவுவது என் பொறுப்பு. முதல் முறை அலசியபோது தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனையும் ஒரு வாரத்துக் காற்றில் இருந்ததா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வாரம் என் மகள் வீட்டில் இருந்த நாட்களும் உண்டு.

அந்த ஃபில்டரைப் பற்றிக் கணவரிடம் சொன்னேன். நெடுநாளைக்குப் பிறகு அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். "அதுல ஒரு ஷீட் கேளு. நான் பொட்டி பண்றேன்" என்றார். என்ஜினீயர் இரண்டு கொடுத்தார். கணவர் பலகையில் ஒரு பெட்டி அடித்து, ஒரு பழைய ஃபேனை உள்ளே பொருத்தி, ஃபில்டரை முன்னால் வைத்து ஜன்னலில் மாட்டினார். மற்ற ஜன்னல் இடுக்குகளை எல்லாம் செய்தித்தாளும் கோந்தும் வைத்து அடைத்தோம். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். "இன்னாப்பா, வூட்டுக்கே வென்டிலேஷன் ஷாஃப்ட் போட்டுட்டியா?" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்குப் பெட்டி முன்னால் பாய் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். விடிவதற்குள் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் வந்துவிட்டது. ஃபில்டர் அழுக்காகித்தான் இருந்தது; ஆனாலும் சத்தம் வந்தது.

மறுநாள் என்ஜினீயரிடம் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அது பெரிய தூசியைத்தான் மேடம் நிறுத்தும். ரொம்பப் பொடி உள்ள போயிடும். அந்தப் பொடி மிஷினுக்கு ஒண்ணும் பண்ணாது. அதனால நாங்க அதைப் பத்திக் கவலைப்படல."

கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் பெட்டியைக் கழற்றவில்லை. அது ரொம்ப நாள் ஜன்னலிலேயே இருந்தது.

சோதனை முடிந்ததும் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேனேஜர், என்ஜினீயர், நான், அக்கா எல்லோரும் அந்த ஹாலில் நின்றோம். டேப் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் என் மகள் இருந்தாள். அது அதிகாரிக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். பழைய மிஷினை எடுத்துவிட்ட பிறகு இந்த ஏ.சி. தேவையா, கரன்ட் வீண்தானே என்று அவர் கேட்டார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "டெஸ்ட் பண்ணினது இவங்கதான் சார். நம்ம ஊர்த் தூசி வேற மாதிரி. பாதுகாப்புக்கு ரூமை அப்படியே வெச்சுக்கலாமா, வேண்டாமா... நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சொல்றதுதான்."

எனக்காகத்தான் அப்படிக் கேட்டார் என்று புரிந்தது. அக்கா என் முதுகில் முழங்கையால் இடித்தார். வேண்டும் சார், தூசியில் இரண்டு முறை நின்றது சார் என்று சொன்னால் போதும். என்ஜினீயர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மிஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. கணக்கு ஒரு பைசா பிசகவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். தூசியில் நிற்கும் என்று நான் சொன்னால் வேறு எந்த ஊரிலும் அதை வாங்க யோசிப்பார்கள்; இங்கேயே வாங்காமல் போனாலும் போகலாம். அப்படி நடந்தால் வேலை பெங்களூருக்குப் போய்விடும், அறையும் போய்விடும். இதெல்லாம் அப்போது நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. கேள்வி கேட்டால் தெரிந்த விடையைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"ஏ.சி. வேண்டாம் சார். ஓடும்" என்றேன்.

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப சரி" என்றார்.

வெளியே வந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு போன அக்கா திரும்பி வந்தார். "ஏம்மா, பொய் சொன்னா நாக்குல புண்ணா வரும்? நான் ஞாயித்துக்கெழம உனக்கும் சேத்துப் பாவமன்னிப்பு கேட்டுகினு வந்திருப்பேனே" என்றார். பிறகு அழுதார். நான் அழவில்லை.

பழைய பீரோக்களை எடைக்குப் போட்டார்கள். ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடைத்த ஜன்னல்களைத் திறந்ததும் ஹாலில் வெயில் வந்தது. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. செருப்போடு நடந்தார்கள். டேப் அறையில் மட்டும் ஒரு சின்ன ஜன்னல் ஏ.சி. போட முடியுமா என்று மேனேஜரைக் கேட்டேன். "அந்தப் பழைய டேப்பெல்லாம் இனிமே இல்லையே மேடம், என்ன காரணம் சொல்றது?" என்றார். என்னிடம் காரணம் கேட்கிறாரோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொல்லும்படியான காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

புது மிஷின் நன்றாக ஓடியது. ஆனால் எங்களுக்குப் பிறகு அதை வாங்க அதிகம் பேர் வரவில்லை. அதற்குள் மேஜைமேல் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர்களை ஒயரால் கோத்தே இந்த வேலையெல்லாம் செய்யலாம் என்றாகிவிட்டது. பெங்களூர் கம்பெனி அந்த மாடலையே கைவிட்டது. என்ஜினீயர் ஃபோனில் சொன்னார்: "அடுத்த மாடல் இல்ல மேடம். எங்களை எல்லாம் வேற வேலைக்கு அனுப்பறாங்க. நான் அமெரிக்கா போறேன். ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா கம்ப்யூட்டர்ல தேதி குழம்பிடுமாமே, அதைச் சரி பண்ண ஆள் எடுக்கறாங்க." பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அது பொய்தான். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

என்ஜினீயர் கொண்டுவந்த அந்த மிஷின் இப்போது அலுவலக மூலையில் ஓடாமல் நிற்கிறது. அதன்மேல் யாரோ தண்ணீர் ஜாடி வைக்கிறார்கள். என் பிரிவையும் பெங்களூரோடு இணைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். எந்தப் பேச்சு பலிக்காமல் இருக்கவேண்டும் என்று அந்த மிஷினுக்காக அத்தனை மாதம் உட்கார்ந்தேனோ, அதே பேச்சு மறுபடி வந்திருக்கிறது.

இந்த வருஷம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கணவர் வீட்டில் இருக்கிறார். ஷிப்ட் இல்லை, இனி பூதிகோட்டைக்கே போகலாம். ஆனால் குவார்ட்டர்ஸை விட்டு வெளியேறியவர்களுக்கு வீட்டின்மேல் உரிமை போய்விடும் என்று ஊரில் பேச்சு. அதனால் யாரும் நகர்வதில்லை. நாங்களும் நகரவில்லை. பாறை அரைக்கிற மில் ஓடாததால் புதிதாக மாவு கொட்டுவதில்லை. ஆனால் மேட்டில் தண்ணீர் தெளிக்கவும் ஆள் இல்லை. முன்னைவிட அதிகமாகத்தான் பறக்கிறது.

என் மகளுக்கு ஏழு வயது. டேப் அறை அவளுக்கு நினைவில்லை. போன வாரம் காலையில் அவளைப் பள்ளியில் விடப் போனேன். மைதானத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவளும் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். கொஞ்ச தூரம்தான். காற்று திரும்பியது, எனக்கே அது பிறகுதான் தெரிந்தது. அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, சுவரோரம் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாவாடை நுனியால் மூக்கை மூடிக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. விளையாடிய பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கும் அது பழகியிருந்தது.

நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். பாவாடைக்குள்ளிருந்தே பேசினாள். "நீ போம்மா, ஆபீசுக்கு லேட்டாவுது. இது போற வரிக்கும் நான் இங்கயேதான் குந்திகினு இருப்பேன்."

பள்ளி மணி அடிக்கும்வரை நிற்கலாமா என்று யோசித்தேன். நின்று என்ன செய்யப்போகிறேன்? பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.